ஓர் அங்குலப் பேட்

கறுப்பு வண்டி வாங்காதே என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். தூசி தெரியும், கீறல் தெரியும், வெயிலில் கொதிக்கும் என்று மூன்று காரணம் அடுக்கினார்கள். மூன்றும் உண்மை. இருந்தும் கறுப்பு ஹோண்டா சிட்டி ஒன்றைத்தான் வாங்கினேன், ஏற்கெனவே 7 வருடம் ஓடியதை. விலை படிந்தது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். நல்ல நிலையில் இருக்கும் கறுப்பு பெயிண்டில் ஓர் ஆழம் உண்டு. பானட் மேல் குனிந்தால் தலைக்கு மேலே நிற்கும் வேப்பமரத்தின் இலை ஒவ்வொன்றும் பிரிந்து தெரியும். அதை ஒரு முறை பார்த்தவனுக்கு வெள்ளையும் சில்வரும் மனசில் நிற்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் வண்டி செகண்ட் ஹேண்ட் என்பது யாருக்கும் தெரியக் கூடாது என்ற எண்ணம் எனக்குள் பலமாக இருந்தது. மைத்துனர் ஷோரூமிலிருந்து மாலை போட்ட வண்டியை ஓட்டி வந்த அதே சமயத்தில்தான் நான் பழையதை எடுத்தேன். கல்யாண மண்டப வாசலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சீரியல் லைட் வெளிச்சம் அவர் வண்டியில் வழுக்கிக்கொண்டு போகும். என் வண்டியில் ஒவ்வொரு பல்பைச் சுற்றியும் சிலந்தி வலை பின்னியிருக்கும். உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்த பிறகும் அந்த வலைதான் கண்ணில் நிற்கும். பெயிண்டைப் பற்றி நான் கற்றுக்கொண்ட எல்லாமே அந்த வெட்கத்திலிருந்து கிளம்பியவை. பாலிஷ் மெஷின் பிறகு வந்தது. வெட்கம்தான் முதலில் வந்தது.

அந்த வலையைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. யாரோ துணியை வட்டம் வட்டமாகச் சுற்றித் துடைத்ததால் வந்த கோடுகள் என்று நினைக்கிறார்கள். ராத்திரி செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பானட்டின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். வட்டமும் டார்ச்சுடனேயே நகர்ந்து வரும். பெயிண்டில் கிடக்கும் கீறல் எப்படி நகரும்? உண்மையில் பானட் முழுவதும் எல்லாத் திசைகளிலும் மெல்லிய கீறல்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பள்ளம். அதன் சரிவில் பட்ட ஒளி பள்ளத்துக்குக் குறுக்குவாட்டில்தான் தெறிக்கும். விளக்கின் பிம்பத்துக்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல் மட்டும் நம் கண்ணுக்கு மின்னும். விளக்கை நோக்கி நீண்டு கிடப்பது இருந்த இடத்திலேயே மறைந்துகொள்ளும். மின்னுகிறவை எல்லாம் சேர்ந்து விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரிகின்றன. வெள்ளை வண்டியிலும் இதே கீறல்கள்தான், இதே எண்ணிக்கைதான். பின்னணி வெளிச்சமாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். இது புரிந்த அன்றைக்கு எனக்குச் சின்ன ஆறுதல் கிடைத்தது. மைத்துனர் வண்டி வெள்ளை.

கீறல் எப்படி விழுகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சென்னையில் ஒரே ராத்திரியில் வண்டி மேல் படியும் தூசியில் மணல் உண்டு, சிமெண்ட் உண்டு, பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத்தூளும் உண்டு. காலையில் உலர்ந்த துணியை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தால் அத்தனையும் பெயிண்ட் மேல் உரசிக்கொண்டு போகும். பெட்ரோல் பங்கில் அன்பாகக் கண்ணாடி துடைத்துக் கொடுப்பவர் அப்படியே பானட்டையும் ஒரு துடைப்புத் துடைப்பார். அதுவும் கணக்கில் சேரும். ஜப்பானிய வண்டிகளின் மேல்பூச்சு பொதுவாகவே மிருது, ஜெர்மன் வண்டிகளுடையது கடினம் என்பார்கள். ஹோண்டாவின் கறுப்பு மிருதுவிலும் மிருது. சீக்கிரம் கீறும், சீக்கிரம் பாலிஷுக்கும் வழிவிடும். இரண்டாவது குணத்தை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஜி.பி. ரோட்டில் கார் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் புதுப்பேட்டையில் ஒரு பெயிண்டரைக் கைகாட்டினார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பெயிண்ட் அடித்துக் கை பழகியவர். டிங்கரிங், பள்ளத்தை நிரப்பும் பட்டி, வாட்டர் பேப்பர், பெயிண்ட், ரப்பிங் என்று எல்லாம் தெரிந்தவர். நான் போய் நின்று, “பாய், இந்தக் கீறலை எல்லாம் எடுத்துப் புதுசு மாதிரி ஆக்கணும்” என்றேன். அவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விரல் முட்டியால் ஒவ்வொரு கதவையும் தட்டிக்கொண்டே வந்தார். பின்பக்கம் இடது கதவு வந்ததும் இன்னொரு தரம் தட்டினார்.

“இந்தக் கதவு அடிபட்டிருக்கு தம்பி. உள்ள பட்டி இருக்கு.”

விற்றவர் ஒரு கீறல்கூட விழாத வண்டி என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. பாய் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓடின வண்டி என்றால் எங்காவது இடிக்கத்தான் இடிக்கும் என்பது அவருக்குச் சாதாரண விஷயம்.

அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் துணியைப் பற்றியது. பழைய அம்பாசிடரில் நிறத்துக்கு மேல் வேறு பூச்சு கிடையாது. ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் இறங்கும். நிறம் இறங்கினால்தான் வேலை நடக்கிறது என்று பொருள். வெயிலில் வெளுத்துப் போன மேல்படலம் போய்ப் புது நிறம் மேலே வரும். இப்போதைய வண்டிகளில் கதை வேறு. தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் பார்க்கும் பளபளப்பு அந்தக் கடைசிப் பூச்சினுடையது. கீறல்களும் பெரும்பாலும் அதில்தான். “அம்பாசிடர்ல துணி கலர் ஆவணும். உன் வண்டியில துணியில கலர் வந்துச்சுன்னா கிளியர் போயிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் என்கிட்ட பெயிண்ட் அடிக்கத்தான் வரணும்” என்றார் பாய்.

அந்தப் பூச்சு எவ்வளவு கனம் என்று தெரிந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கம்பெனியிலிருந்து வரும் வண்டியில் எல்லாப் பூச்சும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் மைக்ரான். கிளியர் கோட் மட்டும் தனியாகப் பார்த்தால் 35 முதல் 50 வரை. நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான் கனம். முடியில் பாதிதான் நம் கையில் இருக்கும் மொத்த முதல். பாலிஷ் என்றால் எதையோ பூசிக் கீறலை அடைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி இறக்குவதுதான் பாலிஷ். லேசாக ஒரு சுற்று ஓட்டினாலே ஒரு மைக்ரானுக்கு அருகில் போகும். கனமான காம்பவுண்ட் போட்டால் இரண்டு மூன்று போகும். போனது திரும்ப வராது.

பெயிண்ட் மீட்டர் ஒன்று வாங்கினேன். இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் காந்த முறையில் மொத்தப் பூச்சின் கனத்தைக் காட்டும். பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. ஓரிரு மைக்ரான் முன்பின்னாகவும் காட்டும். பானட்டில் 105, 108, 112 என்று வந்தது. கூரையில் இன்னும் கொஞ்சம் குறைவு. இடது பின்கதவில் வைத்தபோது 260 என்றது. கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் 400-ஐத் தாண்டியது. பாய் முட்டியால் சொன்னதைத்தான் மீட்டரும் சொன்னது. கனம் அதிகமாக இருக்கிறதே, அந்தக் கதவில் தாராளமாக பஃப் அடிக்கலாம் என்று தோன்றும். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். மீட்டர் மொத்தத்தைத்தான் காட்டுகிறது. அதில் பட்டி எவ்வளவு, பிரைமர் எவ்வளவு, கிளியர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 400-இல் கிளியர் 20 மட்டும் இருந்தாலும் நமக்குத் தெரியாது.

பானட், கூரை, டிக்கி போன்ற அகலமான இடங்களைப் பெரிய பாலிஷ் மெஷினில் 5 அங்குல ஃபோம் பேட் போட்டுப் பாயின் மேற்பார்வையில் முடித்தேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பொறுமையாகக் கையை நகர்த்தத் தெரிந்தால் வந்துவிடும். ஒரு வண்டியின் வயதைக் காட்டிக்கொடுப்பவை அந்த இடங்கள் இல்லை. கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழி, சைடு மிர்ரரின் அடிப்பாகம், முன்கண்ணாடிக்குப் பக்கவாட்டில் இருக்கும் ஒடுக்கமான தூண், நம்பர் பிளேட்டைச் சுற்றிய பள்ளம், டிக்கியில் எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் சந்து, பம்பரின் மடிப்புகள். பெரிய பேட் இங்கெல்லாம் நுழையாது. நுழைத்தால் ஓரத்தில் இடித்து அங்கே கிளியரைச் சாப்பிட்டுவிடும். மடிப்பிலும் ஓரத்திலும் பூச்சு மெல்லியதாகத்தான் நிற்கும். அதனால்தான் 3 அங்குலம், 2 அங்குலம், ஓர் அங்குலம் என்று சின்னப் பேடுகள் வந்தன. இத்தாலியின் ரூப்பஸ் கம்பெனி இதற்கென்றே நானோ என்று ஒரு கைமெஷின் செய்கிறது. நேராகச் சுழலும் தலையும் உண்டு, 3 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் என்று ஆடிச் சுழலும் தலைகளும் உண்டு. என்னுடையது அதைவிட விலை குறைந்த, பேட்டரியில் ஓடும் ஒன்று. வேலை ஒன்றுதான்.

சின்னப் பேட் ஆபத்தில்லாதது என்று பார்ப்பவர்கள் எல்லோருமே நினைப்பார்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஃபோம் துண்டு என்ன செய்துவிடும்? அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 5 அங்குலப் பேடின் பரப்பு ஓர் அங்குலப் பேடின் பரப்பைப் போல 25 மடங்கு. பெரிய மெஷினில் நான் கொடுக்கும் அதே கை பாரத்தைச் சின்னதில் கொடுத்தால், பெயிண்டின் ஒவ்வொரு புள்ளியிலும் 25 மடங்கு அழுத்தம் இறங்கும். இன்னொரு பக்கம், ஒரே வேகத்தில் சுழலும்போது சின்னப் பேடின் விளிம்பு பெரியதன் விளிம்பு ஓடும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கில்தான் ஓடும். அதனால் தொடக்கத்தில் கீறல் அசையாத மாதிரியே இருக்கும். அசையவில்லையே என்று கை தன்னால் அழுத்தும். அழுத்தினால் சூடு ஓரிடத்திலேயே குவியும். தகடாக இருந்தால் கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக் பம்பரில் அதுவும் கிடையாது. பாய் இந்தக் கணக்கு எதுவும் போடாமலே ஒரே வரியில் சொல்வார்: “மெஷினோட வெயிட் போதும் தம்பி, உன் வெயிட்டைப் போடாத.”

கைப்பிடிக் குழியில் நான் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எந்தப் பழைய காரிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நகமும் மோதிரமும் வளையலும் அங்கே உரசுகின்றன. டிரைவர் பக்கக் குழியில் கீறல்கள் சாய்வாக ஒரே திசையில் இருந்தன. வலது கை மோதிரம் போட்ட யாரோ பல வருடம் இந்தக் கதவைத் திறந்திருக்க வேண்டும். பின்கதவின் குழியில் சின்னச் சின்னக் கீறல்கள் தாழ்வான இடத்தில். குழந்தைகள் கை. முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவி, க்ளே பார் எனப்படும் களிமண் கட்டியால் ஒட்டியிருக்கும் துகளை எடுத்துவிடுவேன். குழியின் விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டுவேன். கைப்பிடியின் உள்பக்கத்துக்கும் டேப். ஓர் அங்குல ஃபோம் பேடில் கடுகளவு பாலிஷ் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். மெஷினை ஓட விடாமலே பேடைக் குழி முழுக்கத் தடவிக்கொள்வேன். பிறகு குறைந்த வேகத்தில் தொடங்கி, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று பாதிப் பாதி ஏறி வரும்படி நகர்த்துவேன். சின்னப் பேட் சீக்கிரம் பாலிஷை உறிஞ்சி ஊறிவிடும், சீவிய கிளியர் தூளும் அதிலேயே சேரும். அதனால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு புதுப் பேட். நடுவில் பல்துலக்கும் பிரஷால் பேடைச் சுத்தம் செய்துகொண்டே இருப்பேன். இடது கையின் பின்புறத்தை அவ்வப்போது பெயிண்டின் மேல் வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பு போதும். சுட்டால் நிறுத்திவிடுவேன்.

பாலிஷ் விஷயத்தில் என் வழக்கம் எளிமையானது. முதலில் மெல்லியதைப் போட்டுப் பார்ப்பது, போதவில்லை என்றால்தான் அடுத்ததற்குப் போவது. 1901-இல் அமெரிக்காவில் மரச்சாமான் பாலிஷோடு தொடங்கிய மெக்வயர்ஸ் கம்பெனியின் 105-உம் 205-உம் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஜோடி. 105 அறுக்கும், 205 மெருகேற்றும். என் ஹோண்டாவின் மிருதுவான கிளியருக்கு 205 மட்டுமே பெரும்பாலான இடங்களில் போதுமாக இருந்தது. 105 பாட்டிலில் இன்னும் முக்கால்வாசி இருக்கிறது. அது அப்படி மிச்சமாக இருப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

துடைத்த பிறகு பார்த்தால் கீறல் இருக்காது. அதை உடனே நம்பக் கூடாது. பாலிஷில் எண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் பள்ளத்தில் தேங்கி நின்று கீறலை மறைத்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்தால் எண்ணெய் போய், உண்மை மிச்சம் நிற்கும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வண்டி வாங்கிய புதிதில் பாலிஷுக்கு ஓர் இடத்தில் நல்ல பணம் கொடுத்தேன். வெளியே வரும்போது வண்டி கண்ணைப் பறித்தது. சில வாஷ் ஆனதும் வலை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. கீறலை எடுக்கவில்லை, எண்ணெயால் மூடிக் கொடுத்திருந்தார்கள். மூடுவது குற்றம் என்று சொல்ல மாட்டேன். கிளியர் மெல்லியதாகிவிட்ட பழைய வண்டிக்கு அதுதான் சரியான வைத்தியம். மூடியிருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காசு கொடுப்பவருக்கு டார்ச் வெளிச்சத்தில், ஆல்கஹால் போட்டுத் துடைத்த பிறகு, வண்டியைக் காட்டுகிற கடை எதுவோ அதை நம்பலாம்.

இப்போது எதை எடுக்காமல் விட்டேன் என்று சொல்ல வேண்டும். பெட்ரோல் மூடிக்குக் கீழே ஒரு கீறல். யாரோ சாவியால் இழுத்தது மாதிரி நீளமாக இருக்கும். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தட்டி நிற்கும். நகம் தட்டினால் பாலிஷில் எடுக்கப் பார்க்காதே என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. எடுப்பதானால் அதன் ஆழத்துக்குச் சுற்றுப்புறம் முழுவதையும் இறக்க வேண்டும், கிளியரில் மிச்சம் இருக்காது. கூரையில் ஒரு தழும்பும் உண்டு. காக்கை எச்சம் விழுந்து வெயிலில் காய்ந்த இடம். கறுப்புக் கூரை சென்னைச் சித்திரை வெயிலில் சூடாகும்போது கிளியர் கொஞ்சம் இளகும். மேலே காய்ந்து சுருங்கும் எச்சத்தின் வடிவத்துக்கு அதுவும் வளைந்து, பிறகு குளிர்ந்து இறுகிவிடும். அந்தத் தழும்பை என்னால் எடுக்க முடியும். பேட் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, கையும் பழகியிருக்கிறது. எடுத்தால் வண்டியிலேயே வெயில் அதிகம் விழும் இடத்தில் பூச்சு குறையும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கிளியருக்குள்தான் கலந்திருக்கிறது. அது குறைந்த வண்டிகளின் கூரையும் பானட்டும் சில வருடங்களில் வெள்ளை வெள்ளையாக உரிந்து கிடப்பதைத் தெருவில் தினமும் பார்க்கிறோம்.

விட்டேன் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. அந்த ராத்திரிகள் சுலபமாக இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகு பார்க்கிங்கில் தலையில் கட்டிய லைட்டோடு நின்றிருக்கிறேன். வண்டி முழுக்கக் கண்ணாடியாகிவிட்டது. அந்த இரண்டு இடம் மட்டும் பாக்கி. பேடில் பாலிஷ் வைத்துக் கூரைக்கு அருகே கொண்டுபோவேன். ஒரே ஒரு சுற்று, 2 மைக்ரான், யாருக்கும் தெரியாது என்று மனசு பேசும். அப்படிப் பேசியது எது என்று எனக்குத் தெரியும். கல்யாண மண்டப வாசலில் நின்ற அதே வெட்கம். பெயிண்டுக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. கூரையில் மீட்டர் 98 என்றால் 98தான். மெஷினைப் பெட்டியில் வைத்துவிட்டு மேலே போய்ப் படுப்பேன். கீழே இறங்கி வரும் ஆசை அன்றோடு அடங்கியது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்தத் தழும்பு கண்ணில் படும்போதெல்லாம் திரும்ப வரும்.

ஒரு பொங்கலன்று மைத்துனர் வந்திருந்தார். என் வண்டியைச் சுற்றி வந்து, “மாப்ளே, புதுசாட்டம் வெச்சிருக்கீங்களே” என்றார். நான் பல வருடம் காத்திருந்த வார்த்தை. மீட்டரை எடுத்து வந்து இடது பின்கதவில் வைத்துக் காட்டினேன். “புதுசு இல்ல மச்சான். செகண்ட் ஹேண்ட். இந்தக் கதவு இடிபட்டு பட்டி பார்த்த கதவு. பாருங்க, 260.” அவர் ஆர்வமாகி மீட்டரைக் கையில் வாங்கி ஒவ்வொரு கதவாக வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். பிறகு தன் வண்டியிலும் வைத்துப் பார்த்தார். சாப்பாடு ஆறிவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிடும் வரைக்கும் இருவரும் பெயிண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கீறலை எடுப்பது ஒரு பாதி வேலை என்றால் விழாமல் பார்த்துக்கொள்வது மறு பாதி. அதில் எனக்குக் கிடைத்த துணை எங்கள் குடியிருப்பில் வண்டி துடைக்கும் பையன். விடியற்காலையில் வந்து வரிசையாக எல்லா வண்டிகளையும் ஒரு பக்கெட், ஒரு துணி வைத்து முடித்துவிட்டு வேறு வேலைக்கு ஓடுகிறவன். முதல் வண்டியின் மண் கடைசி வண்டியின் மேல் போய்ச் சேரும். இரண்டு பக்கெட் வைத்துக்கொள், ஒன்றில் சோப்பு, ஒன்றில் அலச என்று சொன்னேன். “சார், ஒரு வண்டிக்கு ரெண்டு பக்கெட் தண்ணிக்கு நான் எங்க சார் போவேன்? செகரட்டரி சார் ஒரு பக்கெட்டுக்கே திட்டறாரு” என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 2019 கோடையில் புழல் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் வறண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற ஊர் இது. கார் கழுவ ஆற்றைத் திருப்பிவிட முடியாது.

அதற்கும் வழி இருந்தது. ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு திரவம் கிடைக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் ஒன்றிரண்டு மூடி போதும். மண்ணைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு படலம் போட்டு, உரசாமல் தூக்கிக்கொள்ளும். அலச வேண்டியதில்லை. மைக்ரோஃபைபர் துணிகள் அதில் ஊறிக் கிடக்கும். ஒரு துணியை நாலாக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கத்தால் ஓர் இழுப்பு, பிறகு மறு பக்கம். தீர்ந்ததும் துணி அழுக்குக் கூடைக்குப் போகும், திரும்ப பக்கெட்டுக்குள் போகாது. மழைச் சேறு அப்பியிருந்தால் மட்டும் இது உதவாது, முதலில் தண்ணீர் அடித்துச் சேற்றை இறக்கியாக வேண்டும். துணிக்கும் திரவத்துக்கும் நான் பணம் போட்டேன், மாதக் கூலியையும் கூட்டினேன். அவன் முதலில் என் வண்டிக்கு மட்டும் செய்தான், பிறகு மூன்றாவது மாடி டாக்டரம்மா வண்டிக்கு, இப்போது கேட்கிற எல்லோருக்கும். கேட்காதவர்களுக்குப் பழைய துணிதான். அது அவன் பிழைப்புக் கணக்கு, அதில் நான் தலையிடுவதில்லை.

ஒரு நாள் நான் மிர்ரர் அடியில் சின்னப் பேட் ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு, “சார், இது நானும் கத்துக்கலாமா?” என்றான். ஆள் வைத்து இதைச் செய்தால் என்ன கூலி வாங்குகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பாயிடம் சொன்னதும் அவரே புதுப்பேட்டையில் ஒரு பழைய பானட்டைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கறுப்பு, கம்பெனி பெயிண்ட், மீட்டரில் 120. அதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறோம். டேப் போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தொடங்கும்போது ஓர் அளவு, முடித்ததும் ஓர் அளவு என்று அவனே நோட்டில் எழுதுகிறான். ஒரு கட்டத்தில் கிளியர் தீர்ந்து பேடில் கறுப்பு வரும் வரைக்கும் வேண்டும் என்றே ஓட்டச் சொன்னேன், அந்த இடம் எப்படி மங்கிப் போகிறது என்று அவன் கண்ணால் பார்க்கட்டும் என்று. அழுத்தாமல் பிடிக்கக் கை பழகிவிட்டது. ஓரங்களில் இன்னும் அவசரம் இருக்கிறது. அடுத்தது கைப்பிடிக் குழி. அதற்குக் கைப்பிடியோடு கூடிய பழைய கதவு ஒன்று வேண்டும், பாயிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.